அதே 3-ம் நம்பர் கார்... அன்று கோப்பை, இன்று தண்டனை! நாஸ்கார் ரேஸில் கோபத்தின் விலை என்ன?

ஆகஸ்ட் 28, 1999. அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் இருக்கும் பிரிஸ்டல் டிராக். கடைசி லேப்பில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் டெர்ரி லபான்டே. பின்னாலிருந்து வந்த டேல் எர்ன்ஹார்ட் ஒரே ஒரு தட்டு தட்டுகிறார். லபான்டேயின் கார் சுழன்று நிற்க, 3-ம் நம்பர் கார் முதலில் கோட்டைத் தாண்டுகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் திட்டித் தீர்த்தார்கள். நாஸ்கார் அமைப்போ ஒன்றுமே செய்யவில்லை. கோப்பை எர்ன்ஹார்ட்டுக்கே!

ஆகஸ்ட் 11, 2024. வர்ஜீனியா மாகாணத்தின் ரிச்மண்ட் டிராக். கடைசி லேப்பில் முன்னால் போன ஜோயி லொகானோவை இடித்துச் சுழற்றுகிறார் ஆஸ்டின் டில்லன். அடுத்த சில நொடிகளில், உள்பக்கமாக முந்த வந்த டென்னி ஹாம்லினையும் சுவரில் ஏற்றிவிட்டு ஜெயிக்கிறார். இதுவும் 3-ம் நம்பர் கார். இதுவும் அதே ரிச்சர்ட் சில்ட்ரெஸ்ஸின் டீம். டில்லன் அவருடைய பேரன்கூட. ஆனால் இந்த முறை, அந்த வெற்றியால் கிடைத்த பிளே-ஆஃப் இடத்தை நாஸ்கார் பறித்துவிட்டது. 25 புள்ளிகளும் காலி.

25 வருடத்தில் அப்படி என்ன மாறியது? மோதல் மாறவில்லை. கோபமும் மாறவில்லை. அந்த மோதலால் எதை இழக்கிறோம் என்ற கணக்குதான் மாறியது. ரீல்ஸில் வரும் 'நாஸ்கார் ஃபைட்' வீடியோக்களைப் பார்த்து, 'இவங்களை யாருமே கேட்க மாட்டாங்களா?' என்று நீங்கள் யோசித்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல்ல, ஸ்டாக் கார்னா என்ன?

ஷோரூமில் விற்கும் காரை அப்படியே ஓட்டிப் போட்டி போடுவதுதான் ஸ்டாக் கார் ரேஸ். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. 1948-ல் பில் ஃபிரான்ஸ் சீனியர் தலைமையில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பிறந்தது நாஸ்கார். இன்று ஓடுபவை ரேஸுக்காகவே செய்யப்படும் கார்கள். உருவம் மட்டும்தான் கம்பெனி மாடல்களைப் போல இருக்கும். சுமார் 1,450 கிலோ எடை, V8 இன்ஜின். பெரும்பாலும் ஓவல் டிராக். இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபார்முலா 1 காரின் சக்கரங்கள் வெளியே தெரியும். இரண்டு சக்கரங்கள் உரசினாலே கதை முடிந்தது. ஸ்டாக் காரில் சக்கரத்தை பாடி மூடியிருக்கும். அதனால் லேசாகத் தட்டலாம், தள்ளலாம், உரசலாம். முன்னால் இருப்பவரின் பம்பரைத் தட்டி, அவர் தடுமாறும் நொடியில் முந்துவதற்கு 'பம்ப் அண்ட் ரன்' என்றே பெயர் இருக்கிறது. அது இங்கே குற்றமில்லை, ஒரு வித்தை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தட்டுவது சரி என்றால், இடிப்பது எங்கே ஆரம்பிக்கிறது?

இந்த உலகத்துக்குள் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் போய்விட்டு வந்திருக்கிறார். ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2010-ல் நாஸ்காரின் டிரக் சீரிஸில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் நடந்த தன் முதல் ரேஸில் 13-ம் இடம். அந்த சீசனின் மிகப் பிரபலமான டிரைவருக்கான ரசிகர் விருதும் அவருக்கே கிடைத்தது.

கோபம் எங்கிருந்து வருது?

வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். இப்போது அதில் ஃபயர் சூட், ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். ரேஸ் காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். சுற்றிலும் 35-க்கு மேல் கார்கள். காதில் ஸ்பாட்டர் பேசிக்கொண்டே இருப்பார். மைதானத்தின் உச்சியில் நின்றுகொண்டு, 'பக்கத்துல கார் இருக்கு, இப்ப போகலாம்' என்று ரேடியோவில் கண்ணாக இருப்பவர் அவர்.

அடுத்தது, ஞாபகம். ஒரு சீசனில் புள்ளிக்கான ரேஸ் மட்டும் 36. ஏறக்குறைய அதே ஆட்கள், வாரா வாரம். போன மாதம் உங்களை இடித்தவர் இந்த வாரமும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார். கணக்கு தீர்க்காமல் விட்டால் எல்லோரும் ஏறி மிதிப்பார்கள் என்ற எண்ணம் டிரைவர்களிடம் எப்போதும் உண்டு.

மூன்றாவது, ஃபார்மட். 1999-ல் ஒரு வெற்றி என்றால் கோப்பை, பரிசுப்பணம், கொஞ்சம் புள்ளிகள். அவ்வளவுதான். சாம்பியன் யார் என்பதை முழு சீசனின் புள்ளிகள் முடிவுசெய்தன. 2014-ல் எலிமினேஷன் முறை வந்தது. 26 ரேஸில் ஒன்றை ஜெயித்தாலே 16 பேர் கொண்ட பிளே-ஆஃபில் கிட்டத்தட்ட இடம் உறுதி. ரிச்மண்டுக்கு வரும்போது டில்லன் புள்ளிப் பட்டியலில் 32-ம் இடத்தில் இருந்தார். முடிய இரண்டே லேப் இருக்கும்போது, எளிதாக ஜெயிக்க வேண்டிய நிலையில் முன்னிலை வகித்தார். அந்த நேரம் பார்த்து, பின்னால் வேறு யாரோ மோதியதால் மஞ்சள் கொடி! எல்லா கார்களும் மறுபடி ஒன்று சேர, ரீ-ஸ்டார்ட்டில் லொகானோ முந்திவிட்டார். மொத்த சீசனும் கையைவிட்டுப் போகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த இரண்டு மோதல்களும் நடந்தன.

'ரைட் ஹூக்' என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்?

எல்லா மோதலும் ஒன்றல்ல. நேர் பின்னாலிருந்து தட்டினால் கார் தடுமாறும், சிலசமயம் உள்பக்கமாகச் சுழலும். ஆனால், பக்கத்தில் போகும் காரின் பின்பக்க வலது மூலையில் இடித்தால், அதன் மூக்கு சட்டென்று வலது பக்கம் திரும்பும். அங்கே இருப்பது வெளிச்சுவர். வேகம் குறையவே நேரம் இருக்காது. இதைத்தான் 'ரைட் ஹூக்' என்கிறார்கள். டிரைவர்களே மன்னிக்காத தவறு இது.

2022 அக்டோபரில் லாஸ் வேகஸில், கைல் லார்சன் தன்னைச் சுவரோரம் நெருக்கிவிட்டார் என்ற கோபத்தில் பபா வாலஸ் அவரை இப்படித்தான் இடித்தார். பிறகு காரைவிட்டு இறங்கிப்போய் லார்சனைப் பிடித்துத் தள்ளவும் செய்தார். தண்டனை, ஒரு ரேஸ் சஸ்பென்ஷன். 2023 மே மாதம் ஷார்லட்டில் டென்னி ஹாம்லினை இதே மாதிரி இடித்த சேஸ் எலியட்டுக்கும் ஒரு ரேஸ் சஸ்பென்ஷன். ரசிகர்களின் செல்லப்பிள்ளை என்பதால் அவருக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

வாலஸ் விஷயத்தில் நாஸ்கார் கடுமையாக இருந்ததற்குப் பின்னணி உண்டு. அந்த வருடம்தான் புது மாடல் 'நெக்ஸ்ட் ஜென்' கார் அறிமுகமானது. ஜூலையில் சுவரில் பின்பக்கம் மோதிய கர்ட் புஷ்ஷுக்கு மூளை அதிர்ச்சி. அவர் அதற்குப் பிறகு கப் ரேஸுக்குத் திரும்பவே இல்லை. செப்டம்பரில் அலெக்ஸ் போமனுக்கும் அதேபோல அடிபட்டு, 5 ரேஸ்களில் ஓட்ட முடியவில்லை. இந்த இரண்டும் யாரும் வேண்டுமென்று செய்த மோதல்கள் அல்ல. தானாக நடக்கும் விபத்தே இப்படி என்றால், கோபத்தில் ஒருவரைச் சுவரில் ஏற்றினால் என்ன ஆகும்?

இதோடு 2010-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அட்லான்டாவில் 150 லேப்புக்கு மேல் பின்தங்கியிருந்த கார்ல் எட்வர்ட்ஸ், பழைய கணக்கைத் தீர்க்க பிராட் கெசலோவ்ஸ்கியை வேண்டுமென்றே இடித்தார். கெசலோவ்ஸ்கியின் கார் காற்றில் பறந்து தலைகீழாக மோதியது. நல்லவேளை, உயிர் பிழைத்தார். தண்டனை? மூன்று ரேஸுக்கு 'புரொபேஷன்'. அதாவது, கண்காணிப்பு மட்டும்தான். அந்த சீசன் ஆரம்பத்தில்தான், டிரைவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் நாஸ்கார் பச்சைக்கொடி காட்டியிருந்தது.

வேணும்னே இடிச்சார்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

'ஸ்லிப் ஆயிடுச்சு', 'டயர் பஞ்சர்', 'ஸ்டீயரிங் உடைஞ்சிடுச்சு'... சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் நாஸ்கார் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது.

முதலாவது, காரின் டேட்டா. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது, பிரேக் எப்போது அழுத்தப்பட்டது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டதா என்பதெல்லாம் பதிவாகிவிடும். இரண்டாவது, வீடியோ. ஒவ்வொரு காருக்குள்ளும் கேமரா. மூன்றாவது, ரேடியோ. டிரைவரும் ஸ்பாட்டரும் பேசுவது ரகசியமே இல்லை, ரசிகர்களே ஸ்கேனர் வைத்துக் கேட்கலாம். ரிச்மண்ட் சம்பவத்தில் ஹாம்லினை இடிக்கச் சொல்லி ரேடியோவில் கத்திய டில்லனின் ஸ்பாட்டரும் சஸ்பெண்ட் ஆனார்.

சிலசமயம் இது எதுவுமே தேவைப்படாது. 2023 மார்ச்சில் ஃபீனிக்ஸ் ரேஸின் கடைசியில் ராஸ் சாஸ்டெய்னைச் சுவரோரம் தள்ளினார் ஹாம்லின். நாஸ்கார் அதைச் சாதாரண உரசலாகத்தான் நினைத்தது. மறுநாள், 'அது தெரியாமல் நடந்ததில்லை' என்று தன் சொந்த பாட்காஸ்டில் ஹாம்லினே சொல்லிவிட்டார். 50,000 டாலர் அபராதம், 25 புள்ளிகள் காலி. அந்த பாட்காஸ்டின் பெயர், 'விளையாட்டுக்குக் கேடு விளைவிக்கும் செயல்கள்' என்ற பொருளில் நாஸ்கார் விதிப்புத்தகத்தில் வரும் அதே வார்த்தைகள். அவர் மீது பாய்ந்த விதியும் அதே பிரிவில்தான் வருகிறது!

என்னென்ன தண்டனை உண்டு?

ரேஸ் நடக்கும்போதே கிடைப்பவை: பிட் ரோட்டில் வேக வரம்பைத் தாண்டினால், மறுபடி ஒருமுறை பிட் ரோடு வழியாக மெதுவாகப் போய் வர வேண்டும். மஞ்சள் கொடி நேரமாக இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கூப்பிட்டும் வராவிட்டால் கறுப்புக் கொடி. அதையும் மதிக்காவிட்டால், நீங்கள் ஓட்டும் லேப்களைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். எல்லை மீறினால் 'பார்க்' செய்துவிடுவார்கள். அதாவது, அன்றைய ரேஸ் உங்களுக்கு முடிந்தது.

ரேஸுக்குப் பிறகு, வார நடுவில் வருபவை: அபராதம், புள்ளிக் குறைப்பு, புரொபேஷன், சஸ்பென்ஷன். காரில் தில்லுமுல்லு என்றால் L1, L2, L3 என்று தரம் பிரித்து தண்டனை. தவறு பெரிதாக ஆக, புள்ளியும் பணமும் அதிகமாகப் போகும்.

தண்டனையில் உடன்பாடு இல்லையா? மூன்று பேர் கொண்ட அப்பீல் குழுவிடம் போகலாம். அங்கேயும் தோற்றால் இறுதி அப்பீல் அதிகாரி. டில்லன் தரப்பு இரண்டு படியும் ஏறிப் பார்த்தது. பிளே-ஆஃப் இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

சமயத்தில் ஸ்பான்சரின் தண்டனை இன்னும் காரம். 2011 நவம்பரில் டெக்ஸாஸ் டிரக் ரேஸில், மஞ்சள் கொடி போட்டிருந்த நேரத்தில் ரான் ஹோர்னடேயைச் சுவரில் மோதவைத்தார் கைல் புஷ். அந்த வாரம் மீதி இருந்த இரண்டு ரேஸ்களிலும் அவரை ஓட்டவிடவில்லை நாஸ்கார். 50,000 டாலர் அபராதம் வேறு. அதைவிட, சீசனின் கடைசி இரண்டு ரேஸ்களில் எம் அண்ட் எம்ஸ் பெயரே அவர் காரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது ஸ்பான்சர் நிறுவனம்.

பழிவாங்கினால் எவ்வளவு, குத்துவிட்டால் எவ்வளவு?

பழிவாங்கலில் நாஸ்கார் கோடு கிழித்தது 2015-ல். கேன்சஸ் ரேஸில் 5 லேப் மீதம் இருக்கும்போது, முன்னிலையில் இருந்த மேட் கென்செத்தைத் தட்டிச் சுழற்றிவிட்டு ஜெயித்தார் லொகானோ. கென்செத் பிளே-ஆஃபிலிருந்து வெளியேறினார். தண்டனை எதுவும் இல்லை. இரண்டே வாரத்தில் மார்ட்டின்ஸ்வில். லொகானோ முன்னிலையில். 9 லேப் பின்தங்கியிருந்த கென்செத், இழப்பதற்கு ஒன்றுமில்லாமல் லொகானோவைக் கொண்டுபோய்ச் சுவரில் சொருகினார். கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. நாஸ்காரோ இரண்டு ரேஸ் சஸ்பென்ஷன் கொடுத்தது.

ரசிகர்களுக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. 'ஆரம்பிச்சவனை விட்டுட்டு, திருப்பிக் கொடுத்தவனைப் பிடிக்கிறாங்க' என்பதுதான் புகார். நாஸ்கார் பார்த்த வித்தியாசம் இதுதான்: ஒருவர் இடித்தது ஜெயிப்பதற்காக. இன்னொருவர் இடித்தது, எதிராளி ஜெயிக்கக் கூடாது என்பதற்காக. தனக்கு எந்த லாபமும் இல்லாமல் இன்னொருவரின் சாம்பியன்ஷிப்பைக் கெடுப்பது போட்டி ஆகாது.

கைகலப்பு விஷயத்தில் நாஸ்காருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. அதன் புகழுக்குக் காரணமே ஒரு சண்டைதான்! 1979 டேடோனா 500, அமெரிக்கா முழுக்க டி.வி-யில் ஆரம்பம் முதல் கடைசிவரை நேரலையான முதல் 500 மைல் ரேஸ். பனிப்புயலால் பல லட்சம் பேர் வீட்டுக்குள்ளேயே டி.வி முன்னால். கடைசி லேப்பில் கேல் யார்பரோவும் டோனி அலிசனும் மோதிக்கொள்ள, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். புல்தரையில் யார்பரோவுடன் டோனியும் அவர் அண்ணன் பாபியும் கட்டிப்புரண்டார்கள். மூவருக்கும் அபராதம் விழுந்தது. ஆனால் நாஸ்கார் வரலாற்றைச் சொல்பவர்கள் இன்றுவரை அந்தக் காட்சியைத் தவறவிடுவதில்லை.

அதனால் சாதாரணத் தள்ளுமுள்ளுவைக் கண்டும் காணாமலும் விடுவது வழக்கம். கைமீறினால்தான் தண்டனை. 2024 மே மாதம் நார்த் வில்க்ஸ்போரோ ஆல்-ஸ்டார் ரேஸின் 2-வது லேப்பிலேயே கைல் புஷ்ஷால் வெளியேறினார் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர். ரேஸ் முடியும்வரை காத்திருந்து புஷ்ஷுக்கு ஒரு குத்துவிட்டார். 75,000 டாலர் அபராதம்! சண்டையில் இறங்கிய அவர் அப்பாவும் சஸ்பெண்ட்.

காரைவிட்டு இறங்காதே!

இத்தனை விதிகளில் ஒன்று மட்டும் உயிரை விலையாகக் கொடுத்து வந்தது. 2014 ஆகஸ்ட் 9, நியூயார்க் மாகாணத்தில் ஒரு சின்ன மண் டிராக்கில் ஸ்பிரின்ட் கார் ரேஸ். அது நாஸ்கார் போட்டி அல்ல. ஆனால் நாஸ்கார் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட் அதில் ஓட்டினார். அவரோடு ஏற்பட்ட மோதலில் நின்றுபோன 20 வயது கெவின் வார்ட் ஜூனியர், காரைவிட்டு இறங்கி, கோபத்தோடு கையை நீட்டிக்கொண்டே டிராக்குக்குள் நடந்தார். ஸ்டூவர்ட்டின் கார் அவர் மீது மோதியது. வார்ட் இறந்துபோனார். ஸ்டூவர்ட் மீது குற்றம் சுமத்த முகாந்திரம் இல்லை என்று கிராண்ட் ஜூரி முடிவுசெய்தது.

அடுத்த ஆறே நாளில் நாஸ்கார் விதி கொண்டுவந்தது. மோதி நின்றால், தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை பாதுகாப்புக் குழு வரும்வரை காருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓடும் கார்களை நோக்கி நடக்கவே கூடாது. அதற்கு முன்புவரை, இறங்கிப்போய் ஹெல்மெட்டை எறிவதுகூட கைதட்டல் வாங்கும் காட்சியாகத்தான் இருந்தது.

ஒரே தப்பு, வேற வேற தண்டனையா?

டிரைவர்களின் பெரிய எரிச்சல் இதுதான். 2025 மார்ச்சில் ஆஸ்டின் டிராக்கில் டை டில்லனை ரைட் ஹூக் செய்தார் ஆஸ்டின் சிண்ட்ரிக். சஸ்பென்ஷன் நிச்சயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிடைத்தது 50,000 டாலர் அபராதமும் 50 புள்ளி இழப்பும் மட்டும்தான். அது ஓவல் அல்ல, வேகம் குறைந்த ரோடு கோர்ஸ், மஞ்சள் கொடிகூட தேவைப்படவில்லை என்பது நாஸ்காரின் விளக்கம். அப்படியென்றால் தண்டனை செயலுக்கா, விளைவுக்கா? இந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

வாயைத் திறந்து பேசினாலும் ஆபத்து உண்டு. 2013-ல், அப்போதைய புது மாடல் கார் ரேஸுக்குச் சரிப்படவில்லை என்று கருத்துச் சொன்னதற்காகவே ஹாம்லினுக்கு 25,000 டாலர் அபராதம் விழுந்தது.

ஆனால், விதி தெளிவாக இருந்தால் எரிச்சல் குறையும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022-ல் மார்ட்டின்ஸ்வில் கடைசி லேப்பில், சின்ன வயதில் வீடியோ கேமில் செய்ததைப்போலவே காரைச் சுவரோடு ஒட்டவைத்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே 10-ம் இடத்திலிருந்து 5-ம் இடத்துக்குப் பறந்தார் ராஸ் சாஸ்டெய்ன். உலகமே வாயைப் பிளந்தது. இனி இதைச் செய்தால் தண்டனை உண்டு என்று அடுத்த சீசனுக்கு முன்பே நாஸ்கார் சொல்லிவிட்டது. 2024-ல் அதே டிராக்கில் கிறிஸ்டோஃபர் பெல் கடைசி வளைவில் சுவரை ஒட்டி ஓட்டியபோது, ஃபைனல் வாய்ப்பையே இழந்தார். வருத்தம் இருந்தாலும், 'விதி தெரியாது' என்று யாரும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பக்கம், கோபத்தைக் கிளறிய ஃபார்மட்டையே 2026 சீசனில் மாற்றிவிட்டது நாஸ்கார். ஒரே வெற்றியில் நுழைவுச்சீட்டு, ரவுண்டுக்கு ரவுண்டு எலிமினேஷன் எல்லாம் போய், 10 ரேஸ் புள்ளிகளைக் கூட்டிச் சாம்பியனை முடிவுசெய்யும் 'சேஸ்' முறை திரும்பியிருக்கிறது. அபராதத்தைக் கூட்டுவதைவிட, இடிப்பதால் கிடைக்கும் லாபத்தைக் குறைப்பது நல்ல வழி இல்லையா?

அடுத்த முறை ஒரு கிளிப் வந்தால்...

தீர்ப்பு சொல்வதற்கு முன்பு இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. எங்கே இடித்தார்? நேர் பின்னாலா, வலது பின் மூலையிலா?

2. டிராக் எப்படி? அரை மைல் ஓவலா, 250 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகும் பெரிய டிராக்கா?

3. இடித்தவருக்கு என்ன லாபம்? ஜெயிக்கவா, கெடுக்கவா?

4. என்ன கொடி? மஞ்சள் கொடி நேரத்தில் இடித்தால் 'ரேஸிங்கில் சகஜம்' என்ற சாக்கு செல்லாது.

5. ரேடியோவில் என்ன பேசினார்கள்? பெரும்பாலும் அடுத்த நாளே அந்த ஆடியோவும் வெளியே வந்துவிடும்.

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால், என்ன தண்டனை வரும் என்பதை ஓரளவு நீங்களே கணித்துவிடலாம். அது சரியான தண்டனைதானா என்பதில் மட்டும் உங்களுக்கும் பக்கத்தில் இருக்கும் நண்பருக்கும் சண்டை வரலாம். அதுக்கு நாஸ்கார் அபராதம் போடாது!